ஆறு நாள் வாடை

அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே எனக்குக் குமட்டியது. குழந்தையைப் பார்த்து அல்ல. குழந்தை தங்கமாக இருந்தது. அதைப் பார்க்க வந்திருந்த ஜனங்களைப் பார்த்துத்தான். ஒரு அம்மாள் பஜ்ஜி தின்ற கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அதே விரலைச் சர்க்கரையில் தொட்டு, பிறந்து நாலு நாள் ஆன சிசுவின் வாயில் வைத்தாள். இன்னொருத்தி காது மடலைத் திருப்பிப் பார்த்து, "இப்பச் செவப்பா இருக்கு, பொறவு கறுத்துரும்" என்றாள். கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட இப்படிப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். கருமம்.

என் பெயர் நாகபூஷணம். மந்தைவெளியில் 'தண்ணி ஊத்துற நாகம்மா' என்றால்தான் தெரியும். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போவேன். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, காலை நீட்டிப் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றி, வயிற்றில் துணி கட்டிவிடுவேன். அவளுடைய தீட்டுத் துணிகளை அலசிப் போடுவதும் என் வேலைதான். பதினெட்டு வருஷமாக மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று சுற்றியிருக்கிறேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைகள் என் கால் மேல் மூத்திரம் போயிருக்கின்றன. அதில் எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், மே மாதம், கத்திரி வெயில். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மூன்று மாடி வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாத்திரக் கடை வைத்து நன்றாக இருந்த குடும்பம். வீட்டை ஆண்டது முத்துலட்சுமி அம்மாள். அவருடைய ஒரே பிள்ளை ஹரி. ஹரியின் பெண்டாட்டி ஸ்வர்ணலதாவுக்கு இருபத்திரண்டு வயது. தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதனால் பிரசவச் செலவும் வேலையும் தன் தலையில் விழுந்ததென்று மாமியாருக்கு ஒரு கடுப்பு. வருகிறவர்களிடமெல்லாம், "எனக்கு மவ இல்லாத குறைய இந்தப் புள்ள தீத்து வச்சிட்டா" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

லதாவை வைத்திருந்த அறையைச் சொல்ல வேண்டும். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று ஜன்னல்களை இழுத்துச் சாத்தி, ஃபேனைப் போடாமல், அந்த வெயிலில் காதில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டிருந்தார்கள். வயிறு போட்டுவிடும் என்று தண்ணீர் கிடையாது. காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். நான் குளிக்க ஊற்றும்போது அவள் சொம்பிலிருந்தே வாயைத் திறந்து குடித்துவிடுவாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

"நல்லா குடி கண்ணு. உங்க மாமியாராண்ட நான் சொல்லமாட்டேன்" என்பேன்.

"அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா நான் செத்துருப்பேன்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். அவளுக்கு அக்கா, தங்கை யாரும் கிடையாது. என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தவள், ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டாள்.

ஹரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. பதினாறாம் நாள் தீட்டுக் கழியும்வரை ஆண்பிள்ளை அந்த அறைக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். காலையில் கடைக்குப் போகும் முன்னும், மத்தியானம் சாப்பிட வரும்போதும் வாசற்படிக்கு வெளியே நிற்பான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கைக்குட்டை. அதை மூக்கில் ஒற்றிக்கொண்டே நிற்பான். ரத்தம் என்று பேச்செடுத்தாலே அவனுக்கு மயக்கம் வரும் என்று அவன் அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார். த்தூ, இவனெல்லாம் ஒரு அப்பன் என்று நினைத்துக்கொள்வேன்.

"அக்கா, எப்படி இருக்கா?" என்று கேட்பான்.

"நல்லா கீது தம்பி."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பெண்கள் சமாசாரத்தை ஆம்பிளையிடம் விவரமாகச் சொல்லுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. எந்த வீட்டில் எந்த ஆண் கேட்டாலும் இதே பதில்தான் சொல்வேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பத்தாம் நாள் காலை, துணியை அலச எடுத்தபோது என் கை நின்றுவிட்டது. பிள்ளை பெற்றவளின் துணியில் வாடை இருக்கும், இல்லாமல் இல்லை. ரத்த வாடை, பால் வாடை, வியர்வை வாடை எல்லாம் எனக்கு அத்துப்படி. இது அது இல்லை. செத்த எலி அலமாரிக்குப் பின்னால் கிடந்தால் ஒரு நாற்றம் வருமே, அந்த மாதிரி. லதாவின் கழுத்தில் கை வைத்தேன், கொதித்தது. அடிவயிற்றைத் தொட்டதும் "ஐயோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வாடை எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் அடையாறில் ஒரு வீட்டில் இதே வாடை வந்தது. உள்ளே நஞ்சுக்கொடி தங்கிப்போய் அழுகிவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். எட்டாவது நாள் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இந்த வாடையைக் கவனிக்காமல் விட்டால் லதா செத்துப்போவாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

நேரே முத்துலட்சுமி அம்மாளிடம் போனேன். ஹாலில் உட்கார்ந்து தொட்டில் விழாப் பத்திரிகைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் காலையில் தீட்டுக் கழித்து, தொட்டில் போட்டு, பேர் வைத்து, மொட்டை மாடியில் பந்தலில் சாப்பாடு. நானூறு பேருக்கு அழைப்பு.

"அம்மா, வாடை சரியில்ல. வேற மாரி கீது. காய்ச்சலும் அடிக்குது. டாக்டராண்ட இட்டுகினு போங்க" என்றேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "பிள்ளை பெத்த உடம்புன்னா வாடை அடிக்கத்தான் செய்யும். நாங்கள்லாம் பெறலையா? பால் கட்டியிருக்கும், காய்ச்சல் அதுக்குத்தான். சாம்பிராணியக் கொஞ்சம் கூடப் போடு" என்றார்.

போட்டேன். ஆமாம், போட்டேன். ஒரு வேளை போடுகிற சாம்பிராணியை மூன்று வேளை போட்டேன். அந்த அடைத்த அறையில் புகை மண்டி, குழந்தை இருமியது. அதைத் தூக்கி ஹாலில் கிடத்திவிட்டு மறுபடியும் போட்டேன். மத்தியானம் ஹரி வந்து படிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"என்னக்கா இவ்வளவு புகை? எப்படி இருக்கா?"

"நல்லா கீது தம்பி" என்றேன். மூக்கில் கைக்குட்டையோடு அவன் திரும்பிப் போனதைப் பார்த்து, ச்சீ, என்ன ஜென்மமோ என்று மனசுக்குள் திட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் லதாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. அந்த வெயிலில் இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. மறுபடியும் மாமியாரிடம் போனேன். இந்தத் தடவை அவர் எழுந்து என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏ நாகம்மா, எனக்கு மட்டும் மூக்கு இல்லைன்னு நினைச்சியா? இப்ப ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா உடனே படுக்கப் போட்டுருவாளுக. பொறவு தொட்டில் எங்க வைக்க? ஊர்லருந்து சம்பந்தக்காரங்க, பங்காளிங்க எல்லாரும் நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. பேத்தி பொறந்த கையோட மருமவளுக்குச் சீக்குன்னு நாலு பேரு நாக்குல விழணுமா? நாலு நாள் பொறு. விழா முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே நானே கூட்டிட்டுப் போறேன். நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. எங்க நாத்தனா மவளுக்கு அடுத்த மாசம் பிரசவம், உன்னத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவருக்கும் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தால் மடத்தனம் என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே, நானூறு பேருக்கு லட்டு எத்தனை பிடிக்கலாம் என்று சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்த பொம்பளையை என்னவென்று சொல்வது? எனக்கு வாயில் நன்றாக வந்தது. ஆனால் வெளியே வரவில்லை. அவரை அப்படித் திட்டுகிற நான், அடுத்த மாசத்து வீட்டை நினைத்து, "சரிமா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஹரியிடம் சொல்லியிருக்கலாம். இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பதின்மூன்றாம் நாள் அவன் படியில் கொஞ்ச நேரம் கூடவே நின்றான். "அக்கா, அவ குரலே கேக்கலையே? தூங்கறாளா?" என்றான். "ஆமா தம்பி, நல்லா தூங்குது" என்றேன். பதினாலாம் நாள், "நான் உள்ள வந்து ஒரு நிமிஷம் பாக்கட்டுமா? அம்மா கீழதான் இருக்காங்க" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கைக்குட்டைக்காரன் உள்ளே வந்து மயக்கம் போட்டு விழுந்தால் அவனையும் யார் தூக்குவது? "தீட்டு கழியட்டும் தம்பி. ரெண்டு நாளுதான" என்று நானே அவனைத் தடுத்து அனுப்பினேன். பெண்டாட்டிக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் பேசத் துப்பில்லாதவன், இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். தண்ணீர் கொடுப்பதில்லை என்பதையும் நான் அவனிடம் சொன்னதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பதினாறாம் நாள் வந்தது. விடிந்ததிலிருந்து வீடு முழுக்க நெய் வாசனை, மல்லிகை, ஸ்பீக்கரில் நாதஸ்வரம். வீடியோக்காரர் ஒயரை இழுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவைகள் வரிசையாக அறை வாசலுக்கு வந்து, எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "சாம்பிராணி பலமா இருக்கு" என்று சொல்லிவிட்டு டிபனுக்குப் போனார்கள். ஒருத்திக்குக்கூட என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. எல்லோருக்கும் மூக்கு இருந்தது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. சாப்பிட மட்டும் நன்றாகத் திறந்தது.

லதாவை நாற்காலியில் உட்கார வைத்து உடம்பைத் துடைத்து, பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டேன். நிற்க வைத்துக் குளிப்பாட்டும் நிலையில் அவள் இல்லை. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. கண் என் மேல் இருந்தாலும் அவள் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா, தண்ணி" என்றாள். அவள் அம்மா செத்துப் பதினைந்து வருஷம். நான் சொம்பை வாயில் வைத்தேன். பாதி உள்ளே போனது, பாதி பட்டுப்புடவையில் வழிந்தது.

முத்துலட்சுமி அம்மாள் உள்ளே வந்தார். கையில் ஒரு பந்து மல்லிகை, ஒரு சின்ன டப்பா ஜவ்வாது. மருமகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"இதக் கீழயும் மேலயும் நல்லா தடவி விடு. வீடியோவுக்கு அரை மணி நேரம் உக்காந்தாப் போதும். முகத்துல கொஞ்சம் பவுடர் போடு, வெளுத்துக் கெடக்கு."

டப்பாவை வாங்கினேன். திறந்தும் விட்டேன். அழுகிக்கொண்டிருக்கிற ஒரு உயிர் மேல் ஜவ்வாது தடவ என் விரல் உள்ளே போய்விட்டது. அந்த வாசனையும் இந்த வாடையும் ஒன்றாகக் கலந்து என் மூக்கில் ஏறியபோதுதான் எனக்கு உண்மையிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளைப் பார்த்து மட்டும் அல்ல. டப்பாவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து. ச்சீ!

டப்பாவைத் தரையில் போட்டுவிட்டு, காலையில் மாற்றிய துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹரி பட்டுவேட்டி, சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, எப்படி இருக்கா? ரெடியாயிட்டாளா?"

'நல்லா கீது' என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை முழுங்கிவிட்டுத் துணியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாரு நைனா. நல்லா மோந்து பாரு. இதான் உன் பொண்டாட்டி. உள்ள அழுகிப் போய்க்கினு கீறா. இன்னும் ஒரு நாளு வுட்டா செத்துடுவா. இன்னாடா பாத்துகினு நிக்கிற?"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, பட்டுவேட்டி மேலேயே வாந்தி எடுத்தான். டிபன் தட்டோடு வந்த இரண்டு பேர் "ஐயையோ" என்று பின்வாங்கினார்கள். நான் நினைத்தது சரிதான், இவன் எதற்கும் லாயக்கில்லை என்று மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை. அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

முத்துலட்சுமி அம்மாள் குறுக்கே வந்தார். "ஏய், ஹரி! இன்னும் தீட்டுக் கழியல, புண்ணியாகத் தண்ணி தெளிக்கல. வெளிய போ!"

அவன் அம்மாவைத் தள்ளக்கூட இல்லை. சுற்றிக்கொண்டு போய் லதாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினான். அவள் புடவையில் ஊறியிருந்ததெல்லாம் அவன் கையில், நெஞ்சில் ஒட்டியது. தூக்கிக்கொண்டு நடக்கும்போதே மறுபடி ஒரு தடவை குமட்டினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தான். அவளை மட்டும் கீழே விடவில்லை. ஹாலில் நின்ற கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வீடியோக்காரர் லைட்டை அணைத்தார். உறவுக்காரர் ஒருவருடைய அம்பாசடரில் அவளை என் மடியில் படுக்க வைத்து, காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

நர்சிங் ஹோமில் டாக்டரம்மா பார்த்த உடனே உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நானும் ஹரியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு முத்துலட்சுமி அம்மாள் ஒரு டிபன் கேரியரோடு வந்தார். அதே பட்டுப்புடவை, அதே மல்லிகை. குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, டின் பால் கொடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். தொட்டிலையும் போட்டுவிட்டார்களாம்.

"வந்தவங்கள என்ன, பட்டினியாவா அனுப்ப முடியும்? பேர் வச்சாச்சு. ஆத்தாக்காரி இல்லாத கொறை ஒண்ணுதான். நீ காலைலருந்து சாப்பிடல, ரெண்டு வாய் சாப்பிடு" என்று கேரியரைத் திறந்தார். பால் பாயசம், வடை, லட்டு. ஹரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "உயிருக்கு இனிமே பயமில்லை" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹரியிடம், "ஆனா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு. முழுக்கச் சீழ் பிடிச்சிருந்தது. ஒரு வாரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா உள்ள சுத்தம் பண்ணி, நாலு நாள் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. அவளைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது யாரு? எத்தனை நாளா வாடை இருந்தது?" என்றார்.

முத்துலட்சுமி அம்மாள் கேரியரை மூடிக்கொண்டிருந்தார். அவரைக் கை காட்டியிருக்கலாம். அதற்கு எனக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"நான்தான் பாத்துக்கினேன். ஆறு நாளா இருந்திச்சி" என்றேன்.

டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். ஹரி என் பக்கம் திரும்பினான். அவன் சட்டையில் எல்லாம் காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. கத்துவான், கை நீட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். உன் அம்மாதான் என்று திருப்பிக் கத்த என்னிடம் அத்தனை வார்த்தை இருந்தது.

"தினம் ரெண்டு தடவை கேட்டேனே அக்கா" என்றான். "உள்ள விடமாட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் உள்ள இருக்கீங்கன்னுதானே உங்களையே கேட்டேன்."

அவன் சத்தம் போடவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறு நாளாக அந்த வீட்டில் ஒவ்வொருத்தரையும் பார்த்து அருவருத்தவள் நான். கேட்டது இவன் ஒருத்தன்தான். இவனைத்தான் சொல்லிப் பயனில்லாதவன் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

சாயங்காலம் கண் விழித்துவிட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். "ஒருத்தர் மட்டும் வாங்க. அந்தப் பொண்ணு அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டுட்டே இருக்கு. யாரும்மா அக்கா?"

ஹரி என்னைப் பார்த்தான். முத்துலட்சுமி அம்மாளும் பார்த்தார்.

"அவளுக்கு அக்கான்னு யாரும் இல்லமா" என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.